இரண்டு போட்டுப் பாருங்கள்

பதினெட்டு விடைத்தாள்களில் ஒரே கணக்குக்கு ஒரே தவறான விடை இருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? காப்பி என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் அப்படிச் சந்தேகப்பட்டு இரண்டு கட்டுகளை மேலிடத்துக்கு அனுப்பியும் இருக்கிறேன். சரியான விடை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும், தவறு ஆளுக்கு ஆள் மாறும், தவறும் ஒன்றாக இருந்தால் கைமாறியிருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரர்களுக்கு வகுப்பெடுப்பேன். அந்த இரண்டு கட்டுகளுக்கு உரிய பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

கணக்கு ஆசிரியர்களாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். பாடத்தை எப்படி நடத்துவது, கேள்வித்தாளை எப்படி அமைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அதையெல்லாம் எழுதி உங்கள் நேரத்தைத் தின்ன எனக்கு விருப்பமில்லை. முப்பத்து மூன்று வருட வேலையில் ஒரே ஒரு கணக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதை என் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. திருமங்கலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு மதுரை காளவாசல் பக்கம். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அந்த வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் பதினெட்டுப் பேர். பதினாறு வருட சர்வீஸில் என் பாடத்தில் ஒருவரும் தோற்றதில்லை. அந்த வருடம் ஆசிரியர் விருது ஒன்றுக்கு என் பெயரைப் பள்ளியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

டெலஸ்கோப்பிங் கணக்கு உங்களுக்குத் தெரியும். வேறு பாடம் எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நீளமான கூட்டலில் ஒவ்வொரு உறுப்பையும் ‘இதில் அது போக’ என்று இரண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும். 1/(1×2) என்பதை 1 கழித்தல் 1/2 என்று எழுதலாம். அடுத்த உறுப்பான 1/(2×3) என்பது 1/2 கழித்தல் 1/3. முதல் உறுப்பில் கழித்த 1/2 இரண்டாவது உறுப்பில் கூட்டலாக வருகிறது, இரண்டும் அடிபட்டுப் போகும். நூறு உறுப்பு இருந்தாலும் இப்படியே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், டெலஸ்கோப்பை மடக்கின மாதிரி, கடைசியில் இரண்டே துண்டு நிற்கும். முதலில் உள்ள 1, கடைசியில் உள்ள 1/(n+1). அவ்வளவுதான் கணக்கு.

இதற்கு நான் இரண்டு மந்திரம் வைத்திருந்தேன். ‘தலை நிற்கும், வால் நிற்கும், நடு ஓடிப்போகும்’ என்பது ஒன்று. விடை வந்ததும் ‘n-க்கு ஒன்று போட்டுப் பார், சரியாக வந்தால் அடிக்கோடு போடு’ என்பது இன்னொன்று. பிள்ளைகள் இரண்டையும் பாட்டு மாதிரி ஒப்பிப்பார்கள். பக்கத்து வகுப்பில் இயற்பியல் எடுப்பவர் சத்தம் தாங்காமல் கதவைச் சாத்திக்கொள்வார். அதில் எனக்கு ஒரு பெருமை.

பொதுத்தேர்வுக்கு முன் கடைசித் திருப்புதல் வகுப்பு. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கு நினைவுக்கு வந்தது. 1/(1×3) கூட்டல் 1/(2×4) கூட்டல் 1/(3×5) என்று n உறுப்பு வரை. ‘இது வந்தாலும் வரும், எழுதிக்கோங்க’ என்று போர்டில் போட்டேன். ஒவ்வொரு உறுப்பையும் பிரித்தேன். வெளியே ஒரு 1/2 எடுத்தேன். முதல் உறுப்பை எழுதினேன், நடுவில் மூன்று புள்ளி வைத்தேன், கடைசி உறுப்பை எழுதினேன். தலை 1, வால் 1/(n+2). வகுப்பு முழுவதும் ‘நடு ஓடிப்போகும்’ என்று கத்தியது. n-க்கு ஒன்று போட்டேன், 1/3 என்று சரியாக வந்தது. அடிக்கோடு போட்டேன். மணியும் அடித்தது.

அது தவறு. அந்தக் கணக்கில் ஒவ்வொரு உறுப்பிலும் இடைவெளி இரண்டு. முதல் உறுப்பில் கழித்த துண்டு இரண்டாவதில் அடிபடாது, ஒன்று தள்ளி மூன்றாவதில்தான் அடிபடும். அதனால் முதலில் இரண்டு துண்டு, கடைசியில் இரண்டு துண்டு என்று மொத்தம் நான்கு நிற்கும். நான் இரண்டை விழுங்கிவிட்டேன். அந்த மூன்று புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

பரீட்சையில் அதே கணக்கு பத்து மதிப்பெண்ணுக்கு வந்தது. மதியம் நான் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். ‘சார், நீங்க போட்ட கணக்கு அப்புடியே வந்துருச்சு சார்’ என்று என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அறைக் கண்காணிப்புக்கு வந்திருந்த டீச்சரைப் பற்றி மட்டும் ஒரே குறை. ‘மூணு மணி நேரமும் உக்காரவே இல்ல சார். ரப்பர்கூட வாங்க விடல’ என்றான் ஒருவன். கடைசியாக வந்தவள் பர்வீன். அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

‘சார், அந்தக் கணக்குல ரெண்டுதான நிக்கும்?’ என்று கேட்டாள்.

‘ஆமா, ரெண்டுதான்.’

‘சரி சார்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் காளவாசலில் இறங்கி வீட்டுக்கு நடந்த நடையை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. என் பெருமை தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும்படி நடந்தேன்.

ஏப்ரலில் மதுரையில் ஒரு பள்ளியில் திருத்தும் முகாம். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளின் தாள் வேறு மாவட்டத்துக்குப் போகும், வேறு மாவட்டத்துத் தாள் எங்களுக்கு வரும். முதல் நாள் காலையில், நாங்கள் ‘கீ’ என்று சொல்லும் விடைக்குறிப்பைக் கொடுத்து, அதை எல்லோருமாக விவாதிப்பது வழக்கம். ஒரு ஹாலில் முப்பது பேர் இருந்தோம். அந்தக் கணக்கு வந்ததும் குறிப்பில் நான்கு துண்டு நின்றுகொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன்.

‘இந்த கீ தப்பு சார். பதினேழாவது கேள்விக்கு விடை இது இல்ல’ என்றேன்.

எங்கள் மேசைக்கு முதன்மைத் தேர்வாளராக இருந்தவர் நாகமலை புதுக்கோட்டைக்காரர். அதிகம் பேசாத மனிதர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர்தான். ‘எப்புடி தப்புங்கிறீங்க?’ என்றார். நான் போர்டுக்கே போய்விட்டேன். என் விடையை எழுதினேன். n-க்கு ஒன்று போட்டேன். 1/3. ‘சரியா வருதா இல்லையா?’ என்று முப்பது பேரையும் பார்த்துக் கேட்டேன். சிலர் தலையாட்டவும் செய்தார்கள். குறிப்பைத் தயாரித்தவர்களுக்குக் கணக்கு தெரியாது என்கிற அளவுக்குப் பேசினேன். அரைமணி நேரம் முகாம் வேலை நின்றது.

அவர் கடைசிவரை குரலை உயர்த்தவில்லை. ‘ரெண்டு போட்டுப் பாருங்க சார்’ என்றார்.

போட்டேன். முதல் இரண்டு உறுப்பு 1/3-ம் 1/8-ம், கூட்டினால் 11/24. என் விடை 9/24 என்று நின்றது. விரலில் சாக்பீஸ் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரே ஓர் உறுப்பு இருக்கும்போது தலையும் அதுதான், வாலும் அதுதான், நடு என்று ஒன்று கிடையாது. அங்கே இந்த மாதிரித் தவறான விடையும் யோக்கியனாகத் தெரியும். பதினாறு வருடமாக நான் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்த சோதனைக்கு அந்த மாதிரிக் கணக்கில் ஒரு மதிப்பும் கிடையாது.

யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த முகாமில் என் பெயர் ‘கீ தப்பு’ என்று ஆனது. டீ குடிக்கப் போனால் ‘வாங்க, கீ தப்பு’ என்பார்கள். அந்தக் கேலி எனக்கு வலிக்கவில்லை. பதினெட்டுப் பேரும் நான் போட்ட தவறை அப்படியே எழுதியிருப்பார்கள் என்பதுதான் உள்ளே அரித்தது. ஆளுக்கு ஐந்தாறு மதிப்பெண் போகும், போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்குமேல் என் புத்தி போகவில்லை.

பத்து நாள் கழித்துத் தலைமை ஆசிரியர் என்னை அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். எங்கள் பிள்ளைகளின் தாளைத் திருத்திய முகாமிலிருந்து புகார் போயிருந்தது. பதினெட்டுத் தாளிலும் ஒரே தவறு, ஒரே சரிபார்ப்பு, அடிக்கோடுகூட ஒரே இடத்தில். அந்த அறையில் விடை சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது அல்லது விடை எழுதிய சீட்டு சுற்றியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பதினெட்டுப் பேருடைய கணக்குத் தாளையும் ரத்து செய்யலாம் என்று பேச்சு. அறைக் கண்காணிப்பாளராக இருந்த டீச்சருக்கு, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு மெமோ போய்விட்டது. அவர் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு எடுப்பவர். குற்றம் உறுதியானால் வேலைக்கே ஆபத்து.

தலைமை ஆசிரியர் கெட்டவர் அல்ல. என் மேல் உள்ள பிரியத்தில்தான் அப்படிச் சொன்னார். ‘நீங்க ஒண்ணும் வாயத் தெறக்க வேணாம். நம்ம மேல யாரும் கை வைக்கல. ஹால் டூட்டி பார்த்தவங்க பாடு, அவங்க பதில் சொல்லிக்கிறட்டும். உங்க விருது ஃபைலு மெட்ராஸ்ல இருக்கு, ஞாபகம் வச்சுக்கங்க.’

நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

விசாரணை மதுரையில் கல்வி அலுவலகத்தில் நடந்தது. பிள்ளைகளை முந்தைய நாளே அங்கே கூப்பிட்டுக் கேட்டிருந்தார்கள். வராந்தாவில் அந்த டீச்சரை முதன்முதலாகப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். துணைக்கு அண்ணன் வந்திருந்தார். இருவரும் சௌராஷ்டிர மொழியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் நடுவில் டீச்சரின் குரல் உடைந்து நின்றது எந்த மொழிக்காரனுக்கும் புரியும். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. நகர்ந்து உட்கார்ந்து எனக்கு பெஞ்சில் இடம் கொடுத்தார்.

உள்ளே விசாரணை அதிகாரி ஒரு ஜெராக்ஸை என் முன்னால் வைத்தார். ‘இதப் பாருங்க. மத்த பதினேழையும் விடுங்க, இது ஒண்ணு போதும்’ என்றார்.

பர்வீனுடைய கையெழுத்து. ஒவ்வொரு உறுப்பையும் வரிசையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருந்தாள். புள்ளியே வைக்காமல் ஆறு உறுப்பு எழுதியிருந்தாள். அடிபட்ட துண்டுகளைச் சின்னச் சின்னக் கோட்டால் அடித்திருந்தாள். நான்கு துண்டு நின்றது. விடை முழுக்கச் சரி. அந்தப் பக்கம் முழுவதையும் குறுக்கே இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் என் தவறான விடையை எழுதி, n-க்கு ஒன்று போட்டு, அடிக்கோடு இட்டிருந்தாள்.

‘சரியா போட்ட புள்ள, அத அடிச்சுட்டுத் தப்ப எழுதுது. பக்கத்துல இருந்து வராம இது எப்புடி வரும்? நீங்க இந்தக் கணக்கச் சொல்லிக் குடுத்தீங்களா?’ என்று கேட்டார்.

ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். நான் சொன்னது இது: ‘இந்த வகைக் கணக்கு நடத்தியிருக்கேன் சார். பிள்ளைங்க ஏன் இப்படி எழுதினாங்கன்னு எனக்குத் தெரியல.’ அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். முதல் வாக்கியத்தில் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வரும்போது அந்த டீச்சர் பெஞ்சின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்க்காமல் படியிறங்கினேன்.

மே மாதம் தேர்வு முடிவு வந்தது. எங்கள் பள்ளியில் கணக்குப் பிரிவுப் பதினெட்டுப் பேருக்கும் ‘நிறுத்தி வைப்பு’. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பர்வீனின் அப்பாவுக்கு, அவள் சொல்வதுபோல் அத்தாவுக்கு, ஒரு தையல் கடை. மறுநாள் நான் பள்ளிக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கடையில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அத்தா உள்ளே மெஷினில் இருந்தார். ‘வாங்க சார், உக்காருங்க’ என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் டீ சொல்லப் போனதும் நான் அவளிடம் கேட்டேன். ‘சரியா போட்டத ஏம்மா அடிச்ச?’

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ‘நீங்க போர்டுல போட்டதுல ரெண்டுதான் நின்னுச்சு சார். எனக்கு நாலு நின்னுச்சு. மூணு தடவ போட்டேன், மூணு தடவயும் நாலுதான். நான் எங்கயோ தப்பு பண்றேன்னு நெனச்சேன். ஒண்ணு போட்டுப் பார்த்தேன், நீங்க போட்டதும் சரியா வந்துச்சு. சார் போட்டதுதான் சரியா இருக்கும்னு அடிச்சுட்டேன்.’

‘ஆபீஸ்ல கேட்டப்ப என்ன சொன்ன?’

‘நானா போட்டேன்னு சொன்னேன். எல்லாரும் அப்புடித்தான் சொன்னோம். வராந்தாவுல நிக்கும்போதே பேசி வச்சுக்கிட்டோம் சார், உங்க பேர யாரும் சொல்லக் கூடாதுன்னு. நோட்டுல அந்தப் பக்கத்தயும் கிழிச்சுட்டோம்.’

பதினெட்டுப் பிள்ளைகள், பதினேழு வயது, ரிசல்ட் இல்லாமல் நிற்கிறார்கள். என்னைக் காப்பாற்றுவதற்காக அவர்கள் சொன்ன அந்த ஒரே பதில்தான் அதிகாரியின் கண்ணுக்குக் கூட்டுச் சதியாகத் தெரிந்திருக்கிறது. நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவர்களும் என்னையே காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வரலாற்று டீச்சருக்கு மட்டும் ஆள் இல்லை. டீ வந்தது. குடிக்க முடியவில்லை. நான் அழுதேன் என்பதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. பர்வீன் பயந்துபோய், ‘சார், நாங்க சொல்ல மாட்டோம் சார்’ என்றாள்.

‘நான் சொல்லிக்கிறேம்மா’ என்றேன்.

மறுநாள் காலையிலேயே அலுவலகத்தில் போய் நின்றேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னுடைய முதல் வாக்குமூலத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

‘அன்னைக்குத் தெரியலன்னு எழுதிக் குடுத்தீங்க. இன்னைக்கு நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன்ங்கிறீங்க. ரிசல்ட் நிறுத்துனதும் வாத்தியாருங்க இப்புடித்தான் வாராங்க, புள்ளைகளக் காப்பாத்தணும்னு. நான் எத சார் நம்புறது?’

‘நான் சொல்றதுதான் உண்மை.’

‘புள்ளைக நோட்டக் கொண்டாங்க, பாப்போம்.’

நோட்டில் அந்தப் பக்கம் இல்லை. பதினெட்டு நோட்டிலும் ஒரே பக்கம் கிழிந்திருக்கிறது என்று தெரிந்தால் விஷயம் இன்னும் மோசமாகும். உண்மையைச் சொல்லத் துணிந்துவிட்டால் உடனே எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாத உண்மைக்குச் சாட்சி வேண்டியிருக்கிறது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோதுதான் அந்த முகாம் நினைவுக்கு வந்தது. இந்தப் புகார் கிளம்புவதற்கு முன்பே, முப்பது ஆசிரியர்கள் பார்க்க, அதே தவறான விடையைப் போர்டில் எழுதி, n-க்கு ஒன்று போட்டு, அடிக்கோடும் இட்டு, அதுதான் சரி என்று சண்டை போட்டவன் நான். யாரும் மறந்துவிட்டால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரம்தான் இப்போது எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி.

நாகமலை புதுக்கோட்டைக்குப் போனேன். முதன்மைத் தேர்வாளர் வீட்டு வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ‘வாங்க, கீ தப்பு’ என்று சிரித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் பம்ப்பைக் கீழே வைத்தார். சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தாள் எடுத்து வந்தார்.

‘எழுதித் தாரேன். ஆனா மழுப்ப மாட்டேன். நீங்க நின்னு சண்ட போட்டது, ரெண்டு போடச் சொன்னதும் வாயடைச்சுப் போனது, அம்புட்டும் எழுதுவேன்.’

‘அம்புட்டும் எழுதுங்க சார். அப்பத்தான் நம்புவாங்க.’

அவருடைய கையெழுத்து மட்டும் போதாது, மேசையில் இருந்த இன்னும் மூன்று பேரிடமும் வாங்குங்கள் என்று அவரே சொன்னார். ஒருவர் மேலூர், ஒருவர் உசிலம்பட்டி, ஒருவர் அலங்காநல்லூர். மே மாத வெயிலில் பஸ் மாறி மாறிப் போனேன். மூன்று வீட்டிலும் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, என் தவறை முதலிலிருந்து சொல்லி, நான் எப்படி அவமானப்பட்டேன் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு, கையெழுத்து வாங்கினேன். உசிலம்பட்டிக்காரர், ‘இத ஏண்ணே நீங்களே கெளறுறீங்க, விட்டுருங்க’ என்றார். விட முடியாது என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். முகாமுக்கு எழுதிக் கேட்டுச் சரிபார்த்தார். மூன்று வாரம் பிந்தி முடிவு வெளிவந்தது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. டீச்சருக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என் பணிப் பதிவேட்டில் கண்டனம் ஏறியது, விருதுக் கோப்பு திரும்பி வந்தது. தலைமை ஆசிரியர் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பர்வீனுக்குக் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கு. போன ஆறும் அந்த ஒரு கணக்கில் போனது. அடித்த விடைக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பது விதி, நானே எத்தனையோ தாளில் கடைப்பிடித்த விதி. அந்த ஆறு மதிப்பெண்ணால் அவளுக்கு எது கைவிட்டுப் போனது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். போர்டில் தவறு வரும், எனக்கு அதற்குப் பிறகும் வந்தது. உங்கள் தவறைப் பார்த்துவிட்டு, தன்னுடைய சரியான விடையை அடித்துவிடும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு சாக்பீஸை எடுங்கள். தவறு தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் விடைக்குறிப்பில் தோற்ற அன்றே ஒரு கடிதம் எழுதிப் போட்டிருந்தால் ஒருவருக்கும் மெமோ போயிருக்காது.

ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த டீச்சரின் பள்ளிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்திருந்தேன். ஆசிரியர் அறையில் அவர் மட்டும் இருந்தார். நான் யார் என்று சொன்னதும், பெஞ்சில் இடம் கொடுத்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தயார் செய்த வாக்கியங்களில் பாதிதான் வெளியே வந்தது.

‘நான் அன்னைக்கு மூணு மணி நேரமும் உக்காரல சார்’ என்றார். ‘ரெண்டு மாசம் வீட்லயும் இந்த ரூம்லயும் உக்காந்து, சீட்டு சுத்தவிட்டவன்னு பேர் வாங்குனேன்.’

‘தெரியும்மா.’

‘அது என்ன கணக்கு? எனக்குக் கணக்கு வராது. ஆனா அது என்னன்னாச்சும் தெரியணும்ல.’

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு உறுப்பையும் பிரித்து, புள்ளி வைக்காமல், ஒன்றின் கீழ் ஒன்றாக ஆறு வரி. பர்வீன் எழுதியிருந்த மாதிரியே. எது எதோடு அடிபடும் என்று முதல் ஜோடியை மட்டும் காட்டினேன். அவர் என் கையிலிருந்து பென்சிலை வாங்கி மீதியைத் தானே அடித்துக்கொண்டு போனார். மெதுவாக, ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்து. முடிந்ததும் மிச்சத்தை எண்ணினார்.

‘நாலு நிக்குது’ என்றார்.

‘ஆமா.’

‘இதப் போட்டுப் பாக்க எம்புட்டு நேரம் ஆகும் சார்?’

‘ரெண்டு நிமிஷம்.’

மணி அடித்தது. பென்சிலை என்னிடம் கொடுத்தார், தாளையும் நான்காக மடித்துக் கொடுத்தார். ‘இத நீங்களே வச்சுக்குங்க சார்’ என்று சொல்லிவிட்டு, சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.